கிளிப்பச்சைச் சீப்பு

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சீப்பு மிச்சம் இருக்கிறது. கிளிப்பச்சை நிறம், மீன் வடிவம், வால் பக்கம் கைப்பிடி. திண்டிவனத்தில் எந்தக் கடையில் தேடினாலும் இப்படி ஒன்று கிடைக்காது. கிடைக்கக் கூடாது என்பதற்காகவே தனியாக அச்சு போட்டுச் செய்தது. அந்தப் பெட்டி கண்ணில் படும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், "ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துட வேண்டியதுதானே?" என்பார். ஆபீஸ் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. பெட்டியில் இத்தனை இருந்தும் என் தலைக்கு வேறு சீப்புதான் வாங்கி வைத்திருக்கிறேன்.

நான் கள ஆய்வு மேற்பார்வையாளர். பெயர் என்னவோ பெரிதாக இருக்கும். வெயிலில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதும், கேள்வி கேட்கும் பெண்கள் ஒழுங்காகக் கேட்கிறார்களா என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பதும்தான் வேலை. வீடு என்று ஒன்று இருந்தால் இது சுலபம். கதவில் எண் இருக்கும், இன்று இல்லாதவர் நாளை இருப்பார். சில வருஷங்களுக்கு முன்னால் எனக்குக் கிடைத்த வேலையில் வீடே கிடையாது. விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் கரும்பு வெட்ட, செங்கல் அறுக்க, கரி சுட, வாத்து மேய்க்க என்று குடும்பத்தோடு இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா, பிரசவம் எங்கே நடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

சென்னை ஆபீஸ் அனுப்பிய காகிதங்களில் இவர்களுக்கு 'எளிதில் எட்ட முடியாத மக்கள்' என்று பெயர் போட்டிருந்தார்கள். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும். ஆலைக்குக் கரும்பு வேண்டுமென்றால் மேஸ்திரிக்கு ஒரு போன் போதும், மறுநாள் விடியும்போது எட்டிவிடுகிறார்கள். சூளைக்காரருக்கு எட்டுகிறார்கள், முட்டை வியாபாரிக்கு எட்டுகிறார்கள், ஓட்டு கேட்டு வருகிறவர்களுக்கும் எட்டுகிறார்கள். ஊசி போடும் நர்சம்மாவுக்கும் எங்களுக்கும்தான் எட்டுவதில்லையாம்.

ஓடிக்கொண்டே இருப்பவர்களை எண்ணுவதற்கு ஒரு வழி இருக்கிறது. முதல் சுற்றில், கண்ணில் படுகிற பெண்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பொருளைக் கொடுத்துவிட வேண்டும். சில வாரம் கழித்து இரண்டாவது சுற்றில் வேறு வேறு இடங்களுக்குப் போய், எதிர்ப்படுகிறவர்களிடம் "இந்த மாதிரி ஒன்று உங்களுக்குக் கிடைத்ததா?" என்று கேட்க வேண்டும். பாதிப் பேர் கிடைத்தது என்று சொன்னால், நாம் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். கால்வாசிப் பேர் சொன்னால் நாலு மடங்கு. அவ்வளவுதான் கணக்கு. பொருள் கடையில் கிடைக்காததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு எதையோ நினைத்துக்கொண்டு ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். அதைவிட முக்கியம், அது கைமாறக் கூடாது. "அதனாலதான் மேடம் சீப்பு. சீப்பை யாரும் இன்னொருத்தருக்குக் கொடுக்க மாட்டாங்க" என்றார் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து வந்த தம்பி. ஒரே சீப்பில் ஐந்து தலை வாருகிற வீட்டை அந்தப் பிள்ளை பார்த்ததில்லை போலிருக்கிறது.

சீப்பு விதியைவிடப் பெரிய விதி ஒன்று உண்டு. ஒரு குடிசையில் கேட்டதை இன்னொரு குடிசையில் சொல்லக் கூடாது. யார் எங்கே இருக்கிறார்கள் என்பதைக்கூடச் சொல்லக் கூடாது. என் குழுவுக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு இதைத் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுப்பேன். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை செங்கல் சூளையில் வேலையாக இருந்தபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஒரு போட்டோவைக் காட்டினார். காணாமல் போன தங்கையைத் தேடுகிறேன், அம்மா சாகக் கிடக்கிறாள் என்று கண்கலங்கினார். போட்டோவில் இருந்த பெண்ணிடம் முந்தின நாள்தான் பேசியிருந்தேன். தெரியாதுங்க என்று சொல்லிவிட்டேன். பிறகு அவளிடம் விசாரித்தபோது, வந்தவர் அண்ணனே இல்லை, அடி தாங்காமல் இவள் விட்டு ஓடிவந்த புருஷன் என்று தெரிந்தது. ஆபீஸ்காரர்கள் போட்ட விதிகளில் நான் மனசார மதிக்கிற விதி அது ஒன்றுதான்.

அந்தச் சீப்புப் பெட்டியைப் பார்த்தால் நினைவுக்கு வருகிற தாயை நான் முதலில் பார்த்தது கண்டாச்சிபுரம் பக்கம், கரும்புத் தோட்டத்து ஓரத்தில். சோகை என்கிற காய்ந்த கரும்பு இலையால் வேய்ந்த குடிசைகள் வரிசையாக நின்றன. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலைக்குத் துண்டு கட்டியிருந்தாள். என் வயதுதான் இருக்கும், இருந்தாலும் என்னை யக்கா என்றுதான் கூப்பிட்டாள். கேள்விகளுக்கெல்லாம் சளைக்காமல் பதில் சொன்னாள். ஒரே மகள். கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டுக்காரர் இறந்துபோய்விட்டார். சொந்த ஊரில் குடிசை இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. எல்லாம் முடித்து நான் சீப்பை எடுத்துக் கொடுத்ததும், அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் என்னிடம் கேட்க ஆரம்பித்தாள்.

"ஏன் யக்கா, நீங்க எல்லா எடத்துக்கும் போய்க்கினு இருக்கீங்க இல்ல? வாத்துக்காரங்ககிட்டயும் போவீங்களா?"

"போவோம்."

"அப்ப எம்பொண்ணைப் பாப்பீங்க. வாத்து மேய்க்கிறவனுக்குத்தான் குடுத்திருக்கேன். மாசமா இருக்கா, இந்நேரம் பொறந்திருக்கணும். மேஸ்திரி போனுக்குப் பேசிக்கினே இருப்பா, இப்ப கொஞ்ச நாளாப் பேச்சே காணோம். போட்டா சுவிச்சாப்புன்னு வருது. பேஜாரா இருக்குது யக்கா. ஆலை ஆர்டரு முடியாம செட்டை வுட்டுட்டு நான் போவவும் முடியாது. நல்லா இருக்காளான்னு பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

செட்டு என்றால் மேஸ்திரிக்குக் கீழே சேர்ந்து வேலை செய்யும் கூட்டம். இடையில் ஒருவர் கழன்றுகொண்டால் மற்றவர்கள் தலையில் அந்த வேலை விழும்.

"பாத்தாலும் சொல்ல முடியாதுக்கா. ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குச் சட்டம்."

"பெத்தவகிட்ட கூடவா?"

"யார்கிட்டயும்."

நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துவிட்டாள். "நல்லா இருக்குது உங்க சட்டம்" என்று சொல்லி, மல்லாட்டை, அவித்த வேர்க்கடலை, ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தாள்.

சில நாள் கழித்து, என் பெண்கள் எழுதி வந்ததைச் சரிபார்க்க மறுபடி அங்கே போனேன். சீப்பு பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன். அனுப்பிவிட்டேன் என்றாள். கண்டாச்சிபுரம் சந்தையில் வாத்து முட்டை வாங்கி விற்கிற ஒருவரைப் பிடித்து, மகளிடம் சேர்த்துவிடச் சொல்லிக் கொடுத்துவிட்டாளாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அத்தனை முறை சொன்னேனே, இப்படி ஆளாளுக்குக் கொடுத்தால் எங்கள் கணக்கு என்னாவது என்று சத்தம் போட்டேன்.

"நீங்க எனக்குக் குடுத்தீங்க. நான் எம்பொண்ணுக்குக் குடுத்தேன். இதுல கணக்கு எங்கிருந்து வந்துச்சு?" என்றாள். "அவ முடியை நீங்க பாத்ததில்ல. இடுப்புக்குக் கீழ வரும். கடைச் சீப்பெல்லாம் பல்லு பல்லா ஒடிஞ்சிடும். இது கெட்டியா இருக்குது. கைப்பிடியில செவப்பு நூலு சுத்தி அனுப்பிச்சிருக்கேன். நான் எது அனுப்பிச்சாலும் செவப்பு நூலு சுத்துவேன், பாத்தாலே அவளுக்குத் தெரியும்."

பயிற்சி கொடுத்த தம்பிக்குப் போன் செய்து புலம்பினேன். "ஒண்ணு ரெண்டு அப்படித்தான் மேடம் போகும், கணக்குல அடிபட்டுடும்" என்றார். அதற்குள் அந்தத் தோட்டம் வெட்டி முடிந்து, அந்த செட்டும் வேறு இடத்துக்குப் போய்விட்டது. மேஸ்திரி நம்பர் என் போனில் இருந்ததால் எங்கே போனார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு செட்டும் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இரண்டாவது சுற்று தொடங்கியதும், வாத்துக்காரர்களைப் பார்த்த இடத்திலெல்லாம் நீளமுடிக்காரப் பெண் யாராவது இருக்கிறாளா என்று என் கண் தானாகவே தேடியது. சட்டத்தை விடவில்லை. பார்த்து வைத்துக்கொண்டால் என் மனசுக்காவது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

மயிலத்துக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவில், நெல் அறுத்த வயலில் ஒரு வாத்துக்காரக் குடும்பம் இறங்கியிருந்தது. சிந்திய நெல்லை வாத்துகள் பொறுக்கித் தின்னும், வயல்காரருக்கு எரு மிச்சம். வலை கட்டிய பட்டி, பக்கத்தில் தார்ப்பாய்க் கூடாரம், வேப்பமரத்துக் கிளையில் ஒரு தூளி. வயதான ஒரு அம்மா கேப்பைக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தார். நான் மாதிரிச் சீப்பை எடுத்துக் காட்டி, எல்லாரிடமும் கேட்பதைப் போலவே கேட்டேன்.

"இந்த மாதிரி ஒண்ணு உங்களுக்குக் கெடச்சுதாம்மா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். தூளிக்குள் கைவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைக்கு அடியில் மடித்துப் போட்டிருந்த துணியிலிருந்து ஒரு சீப்பை எடுத்தார். கைப்பிடியில் சிவப்பு நூல்.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவே முடியவில்லை. காகிதத்தில் இல்லாத கேள்வியை முந்திக்கொண்டு கேட்டுவிட்டேன். "பொண்ணு எங்கம்மா?"

அந்த அம்மா சீப்பைப் பழையபடி துணியில் சுற்றிக் குழந்தைக்கு அடியில் வைத்துவிட்டு, மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். "இல்லம்மா" என்றார். "இதைப் பெத்துப் போட்டுட்டுச் செத்துப்போயிட்டா. ரத்தம் நிக்கவே இல்ல. வயக்காட்டுலேர்ந்து தூக்கிக்கினு ரோட்டுக்கு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சு. முட்டைக்காரரு இதைக் கொண்டாந்து குடுத்தப்பவே அவ இல்ல. பெத்தவ குடுத்தனுப்பினது, பாப்பாவுக்குன்னு வெச்சிருக்கோம். நாங்க யாரும் தலைக்கு வெக்கல."

பட்டியிலிருந்து அவருடைய மகன், அந்தப் பெண்ணின் புருஷன், வந்து நின்றான். முழங்கால் வரை சேறு. மாமியாருக்கு இன்னும் தெரியாது என்றான். அவன் போன் தண்ணீரில் விழுந்து வீணாகிவிட்டது. மேஸ்திரி நம்பர் அவன் பெண்டாட்டிக்குத்தான் மனப்பாடம். மாமியார் ஊருக்குப் போய்ப் பார்த்தால் கேட்டுச் சொல்லக்கூட ஆளில்லை, எல்லாரும் வெட்டுக்குப் போய்விட்டார்கள். முட்டை வியாபாரி சொன்னதை வைத்துக் கண்டாச்சிபுரம் போனால், செட்டு போய்விட்டது என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

"நீங்க கரும்பு வெட்றவங்ககிட்டயும் போறீங்களாமே மேடம். அவங்க எங்க இருக்காங்கன்னு தெரியுமா?"

மேஸ்திரி நம்பர் என் கைப்பையில் கிடந்த போனில்தான் இருந்தது. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"நான் வேணா சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டேன். அதுவும் விதியில் இல்லாததுதான்.

"வேணாம் மேடம். ஊரான் வாயால இந்தச் சேதி போவக் கூடாது. முட்டைக்காரர்கிட்டகூட வாயே தொறக்காதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். நானே போவணும். புள்ளையை அவங்க மடியில போட்டுட்டு, அடிச்சாலும் வாங்கிக்கிறேன். எடத்தை மட்டும் சொல்லுங்க போதும்."

"கேட்டுச் சொல்றேன்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே அருவருப்பாக இருந்தது. அந்த வயதான அம்மா பெயரில் சீப்பு 'கிடைத்தது' என்று பதிந்துகொண்டு, அவனுடைய புதுப் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

கூட்டேரிப்பட்டு ரோட்டோரத்தில் நின்றபடியே சென்னைத் தம்பிக்குப் போன் போட்டேன். அவர் நல்ல பிள்ளைதான், அதைச் சொல்லியாக வேண்டும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சங்கடமாத்தான் இருக்கு மேடம். ஆனா ஒரு குடும்பம் இருக்கிற இடத்தை இன்னொரு குடும்பத்துக்கு நாம சொல்ல முடியாது. ஆய்வு நெறிமுறைக் கமிட்டியில கேக்கணும், ஒரு மெயில் போட்டுடுங்க" என்றார்.

"கமிட்டி எப்பப்பா கூடும்?"

"அடுத்த மாசம்."

பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அதற்குள் சீசன் முடிந்து எல்லாரும் ஆளுக்கொரு திக்காகப் போய்விடுவார்கள், அந்தத் தாய் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே கரும்பு வெட்டிக்கொண்டிருப்பாளா என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "ஒரு வழி இருக்கு மேடம். அவங்களே சம்மதிச்சா, அவங்க இருக்கிற இடத்தைச் சொல்லலாம்."

கோபத்தில் இருந்தாலும், அது சரியான வழி என்றுதான் எனக்கும் பட்டது. வெள்ளைச் சட்டைக்காரரை நான் மறக்கவில்லை. தாயிடம் போய்ச் சம்மதம் கேட்பது, கிடைத்ததும் மருமகனுக்கு இடத்தைச் சொல்வது, சேதியை அவனே கொண்டுபோய்ச் சொல்வது. விதியும் மீறப்படாது, சேதியும் சொல்ல வேண்டியவன் வாயால் போகும். மறுநாள் காலையில் விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். உங்கள் மருமகன் வீட்டில் நீங்கள் இருக்கிற இடத்தைக் கேட்கிறார்கள், சொல்லலாமா? எத்தனையோ கேள்விகளை இப்படி ஒத்திகை பார்த்துத் திருத்தியிருக்கிறேன். கேட்பவருக்கு எந்தப் பதிலையும் சுட்டிக்காட்டாத கேள்வி, ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை குறைவும் இல்லை என்று எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டேன்.

செட்டு அப்போது திருவெண்ணெய்நல்லூர் பக்கம் இருந்தது. அவள் வெட்டிப் போட்ட கரும்பை அதன் நுனித் தழையான கொழுந்தாடையால் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "யக்கா!" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. நான் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"இதுக்குப் போயி சம்மதம் கேக்க வந்தீங்களா? தாராளமாச் சொல்லுங்க!" என்றாள். "தண்ணி டேங்காண்ட எறங்கச் சொல்லுங்க. அங்கேர்ந்து இந்தாண்ட வண்டித் தடம் வரும், அதுல வந்தா நேரா இங்கதான். அவளை நடக்க வெக்க வேணாம், பச்ச ஒடம்பு. கரும்பு ஏத்த டிராக்டரு வரும், அதுல ஏறிக்கினா ஜல்தியா வந்துடலாம். நான் மேஸ்திரிகிட்ட சொல்லி வெக்கிறேன்." குடிசையில் எந்த மூலையை ஒழித்து அவளுக்குக் கொடுக்கலாம் என்று திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள்.

"எடத்தை யாரு கேட்டது?"

"உங்க மருமகன்."

"அவ கேக்கலியா?"

நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"மேஸ்திரி நம்பரு அவளுக்கு மனப்பாடமாச்சே. எடம் தெரியணும்னா யார் போன்லேர்ந்தாவது அவளே பேசியிருப்பாளே. அவன் எதுக்கு யக்கா உங்ககிட்ட கேக்கிறான்?"

பேட்டி எடுக்கும்போது முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அன்றைக்கும் காட்டவில்லை. முதல் தடவை பார்த்தபோது அவளோடு சேர்ந்து மல்லாட்டை தின்று சிரித்துப் பேசிய முகம் இது. ஒன்றும் காட்டாத இந்த முகத்தை அவள் அன்றுதான் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சீப்பு போச்சா?" என்று மெல்லக் கேட்டாள்.

"போச்சுக்கா. பாத்தேன்."

"எங்க இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "தூளியில" என்றேன்.

இடுப்புக்குக் கீழே முடி தொங்குகிற மகளுக்கு அனுப்பிய சீப்பு, முடியே முளைக்காத குழந்தையின் தூளியில் ஏன் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கட்டி வைத்திருந்த கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளி மற்றவர்கள் பேசிக்கொண்டே வெட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குக்கூட எங்கள் பயிற்சியில் இடமில்லை. அவள் அழவில்லை, தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே பேசினாள்.

"வரச் சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க. புள்ளைய மட்டும் நல்லா மூடி எடுத்துக்கினு வரச் சொல்லுங்க, இங்க சோகைத் தூசு."

வண்டித் தடத்தில் கொஞ்ச தூரம் தள்ளி வந்து மருமகனுக்குப் போன் போட்டேன். சம்மதம் கிடைத்துவிட்டது என்று சொல்லி, எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் எல்லாவற்றுக்கும் சரிங்க மேடம், சரிங்க மேடம் என்றான். சேதியைச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டான். "நான் சொல்லலப்பா" என்றேன். அது உண்மைதான்.

"வேற எதுனா சொன்னாங்களா மேடம்?"

"கொழந்தையை மூடி எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"பொண்ணைப் பத்தி ஒண்ணும் கேக்கலியா?" என்றான். நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவனும் அணைக்கவில்லை, வாத்துச் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.